வெல்டரின் சினைக்காலம்

படகுத்துறைக்குப் புதுத் தகரம் போட்ட வருடம்தான் வெல்டரின் வயிற்றில் நண்டு முட்டை ஒட்டிக்கொண்டது. துறையைத் தாங்கும் இரும்புக் கால்களில் ஒன்று அரித்துப்போயிருந்தது. அளவெடுப்பதற்காக நெஞ்சளவு தண்ணீரில் இறங்கியவன், அளவுநாடாவை வாயில் கவ்விக்கொண்டு மேலே ஏறி வந்தபோது, தொப்புளைச் சுற்றி இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. பாசி என்று நினைத்து வழித்துப் பார்த்தான், வரவில்லை. சோப்பு போட்டான், மண்ணெண்ணெய் தேய்த்தான். அந்தப் பக்கமாக வந்த நண்டு வியாபாரி குனிந்து பார்த்து, விரல் நுனியால் தொட்டு முகர்ந்துவிட்டு, "இது சினைங்க. நண்டுச் சினை. நல்ல தரம்" என்றார். அன்றைக்கு நண்டு விலை சுமார்தான், ஐஸ் விலைதான் கொஞ்சம் கூடியிருந்தது.

வெல்டரை ஊரில் எல்லோரும் 'அப்புறம்' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வேலையைச் சொன்னாலும் அவன் வாயில் முதலில் வரும் சொல் அது. செய்ய மாட்டான் என்றில்லை, செய்வான், அழகாகவும் செய்வான், ஆனால் கேட்டவர் கேட்டதையே மறந்து வேறு ஆளை வைத்து முடித்த பிறகு கருவிப்பெட்டியோடு வந்து நிற்பான். அவன் மனைவியோ கழிமுகத்தின் இக்கரையில் படகு டிக்கெட் கொடுக்கிறவள். அவளுக்கு எதுவும் உடனே நடக்க வேண்டும். கவுண்டரில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு கால் எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும், அந்த ஆட்டத்தில் மேஜை மேலிருக்கும் முத்திரைக்கட்டை மெல்ல நகர்ந்து நகர்ந்து சாயங்காலத்துக்குள் விளிம்புக்கு வந்துவிடும். பயணி கை நீட்டுவதற்குள் டிக்கெட்டைக் கிழித்துவிடுவாள். இந்த இரண்டு பேரையும் ஒரே வீட்டில் குடிவைத்தது யார் என்று ஊரில் கேட்காதவர் கிடையாது. காதலித்துத்தான் கட்டிக்கொண்டார்கள் என்றால் நம்பவும் மாட்டார்கள்.

அவன் சட்டையைத் தூக்கிக் காட்டியபோது அவள் முதலில் பார்த்தது வயிற்றை அல்ல, கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியைத்தான். பெட்டி கட்டித் தயாராக இருந்தது. அக்கரைக் கவுண்டருக்கு மாற்றல் கேட்டு வாங்கியிருந்தாள். அங்கே ஒரு தையல் கடைக்கு மேலே ஓர் அறையும் பார்த்து வைத்திருந்தாள். அடிக்கிற கணவன் இல்லை, குடிக்கிற கணவனும் இல்லை, வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஊரில் பாதி வீடுகளின் மாடிப்படிக்கு அவன்தான் கைப்பிடி செய்து கொடுத்திருந்தான். சொந்த வீட்டு மாடிப்படிக்கு மட்டும் கைப்பிடி கிடையாது. ஒரு மழைநாளில் அவள் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள், அது கொஞ்சம் கோணலாகவே சேர்ந்தது. கட்டுப் பிரித்த அன்று, "இந்த வாரமே கைப்பிடி போட்டுடறேன்" என்றான். அதற்குப் பிறகு படியில் இறங்கும்போதெல்லாம் அவள் சுவரைத் தடவிக்கொண்டு இறங்கினாள். ஒரு நாள் அப்படி இறங்கும்போதுதான் போய்விடலாம் என்று முடிவு செய்தாள். எப்போது சொல்வது என்பது மட்டும்தான் பாக்கி இருந்தது. சாப்பிடும்போது சொல்லலாம் என்று நினைத்தாள், அவன் ரசித்துச் சாப்பிட்டான். காலையில் சொல்லலாம் என்று பார்த்தாள், அவன் தூங்கிக்கொண்டிருந்தான். அதற்குள் இந்தச் சினை வந்து சேர்ந்தது.

வயிற்றில் முட்டையோடு இருக்கிற மனிதனை விட்டுவிட்டுப் போகிறவளை ஊர் என்ன சொல்லும்? ஊரை விடுங்கள், அவளுக்கே மனசு வரவில்லை. பெட்டியிலிருந்து அன்றாடம் வேண்டிய இரண்டு துணிகளை மட்டும் வெளியே எடுத்துவிட்டு, மறுபடி மூடி உள்ளே தள்ளினாள்.

தோல் டாக்டரம்மா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு முட்டையும் மயிரிழை போன்ற ஒரு காம்பால் வயிற்று ரோமத்தில் கட்டப்பட்டிருப்பதாகச் சொன்னார். சுரண்டி எடுத்தால் எடுக்கலாம், மறுபடி வராது என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். ஒரு மூலையில் சுரண்டியும் பார்த்தார். வெல்டர் கத்தவில்லை, ஆனால் ஜன்னலுக்கு வெளியே மீன் கழுவும் தொட்டியில் கிடந்த பெண் நண்டுகள் அத்தனையும் ஒரே நேரத்தில் கொடுக்கைத் தூக்கின. டாக்டரம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, காயவிடாதீர்கள், உப்புத்தண்ணீரில் துணி நனைத்துப் போடுங்கள், அரிப்புக்கு மாத்திரை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்.

அவள் வேலைக்குப் போகுமுன் ஒரு வாளி கடல்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், மதியம் ஓடிவந்து துணியை மாற்றினாள், மறுபடி ஓடினாள். வெல்டர் பட்டறைக்குப் போவதை நிறுத்திவிட்டான். தீப்பொறி பட்டால் முட்டைக்கு ஆகாது. நாற்காலியை மாடி ஜன்னல் ஓரம் போட்டுக்கொண்டு, கால்களை அகட்டி, வயிற்றின் மேல் ஈரத்துணியோடு கழிமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மஞ்சள் போய் ஆரஞ்சு வந்தது, ஆரஞ்சு பழுப்பானது, பழுப்பு சாம்பலானது. ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. அவை கண்கள் என்று வியாபாரி சொன்னார். கண் தெரிந்துவிட்டால் அடுத்த பெரிய கடலேற்றத்தில் பொரிந்துவிடும் என்றும் சொன்னார். தண்ணீர் முழுசாக ஏறி நின்று, திரும்பப்போகிற கணத்தில் எல்லாத் தாய் நண்டுகளும் ஒன்றாகக் குஞ்சுகளை உதறிவிடும், வற்றும் தண்ணீர் அவற்றைக் கூட்டிக்கொண்டு வெளிக்கடலுக்குப் போய்விடும். முன்னே பின்னே பொரிந்தால் மீன்களுக்குத்தான் தீனி. இதெல்லாம் அந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

பெரிய ஏற்றம் வந்தது, நின்றது, வற்றியது. வெல்டர் வயிற்றில் ஒன்றும் நடக்கவில்லை. அது அவன் பாடு என்று விட்டிருப்பார்கள். ஆனால் கழிமுகத்திலும் ஒன்றும் நடக்கவில்லை. வலையில் வந்த சினை நண்டுகளை மீனவர்கள் எப்போதும்போலத் திருப்பித் தண்ணீரில் விட்டார்கள், மறுநாள் அதே நண்டுகள் அதே கறுத்த சினையோடு மறுபடி வந்தன. அடுத்த ஏற்றமும் போனது. நண்டுகள் கரைக்கு வந்து, சேற்றில் பாதி புதைந்து, வெல்டர் வீட்டு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்தன. துறைக்கு வருகிறவர்கள் காலைப் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டியிருந்தது. இந்த வருடம் குஞ்சு கடலுக்குப் போகாவிட்டால் வருகிற வருடம் நண்டு கிடையாது, நண்டு இல்லாவிட்டால் பாதி ஊருக்கு வேலை கிடையாது.

அவள் கவுண்டரில் ஆளுக்கு ஆள் அதையே கேட்டார்கள். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு நகராமல் நின்று, "அக்கா, அண்ணன் என்னதான் சொல்றாரு?" என்பார்கள். "என்ன சொல்வாரு, அப்புறம்னு சொல்றாரு" என்பாள். உண்மையில் அவன் சொன்னது வேறு. இன்னும் நேரம் வரவில்லை என்றுதான் சொன்னான். யாருக்கு வரவில்லை, முட்டைக்கா உங்களுக்கா என்று கேட்டால் ஜன்னலைப் பார்ப்பான். அவளுக்குத் தூக்கம் போனது. படுத்தால் உள்ளங்கால் அரித்தது. எழுந்து பாத்திரங்களை இடம் மாற்றி வைத்தாள், அலமாரியைத் துடைத்தாள், துடைத்த அலமாரியை மறுபடி துடைத்தாள். அக்கரையிலிருந்து இரண்டு முறை ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டார்கள், வருகிறீர்களா இல்லையா என்று.

மூன்றாவது ஏற்றத்தின்போது மீனவர் சங்கத் தலைவர் ஆட்களோடு வந்தார். நாத்தனாரும் கூட வந்தாள். வெல்டரின் தங்கையான அவள் அடுத்த தெருவில்தான் இருந்தாள், அண்ணனுக்கு ஒன்று என்றால் முதல் ஆளாக வந்து அண்ணியைத் திட்டுவாள். அன்றைக்கு அண்ணனையே திட்டினாள். "ஊரே உன்னைப் பார்த்துட்டு நிக்குது. இதுலயுமா உன் சோம்பேறித்தனம்?" என்றாள். அவன் எழுந்திருக்கவில்லை. அவனை நாற்காலியோடு தூக்கினார்கள். கைப்பிடி இல்லாத படியில் நான்கு பேர் தள்ளாடித் தள்ளாடி இறக்கி, துறைச்சரிவில் கொண்டுபோய், நாற்காலியோடு தண்ணீரில் வைத்தார்கள். தண்ணீர் அவன் மார்புக்கு வந்தது. பெண் நண்டுகள் நாலாபக்கமிருந்தும் வந்து அவனைச் சுற்றி வட்டம் வட்டமாக நின்றன, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், சத்தமில்லாமல். கரையில் ஊர் நின்றது. ஏற்றம் முழுசாக நின்று, திரும்பி, வற்றத் தொடங்கி, நாற்காலியின் கால்கள் தெரியும்வரை யாரும் நகரவில்லை. அவன் உதடு நீலமாகிவிட்டது. வயிற்றின் இடது ஓரத்தில் ஒரு கை அகலத்துக்கு முட்டைகள் வெளுத்துப்போயின. செத்துவிட்டன என்று வியாபாரி சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

அப்போதுதான் அவள் கவுண்டரிலிருந்து ஓடிவந்தாள். "இறக்கத் தெரிஞ்சுதுல்ல, ஏத்தவும் தெரியணும்" என்று மட்டும் சொன்னாள். தலைவர் உட்பட எல்லோரும் நாற்காலியைத் தூக்கினார்கள். அன்று முழுக்க அவனுக்குக் காய்ச்சல். வெளுத்த முட்டைகளை அவளே பஞ்சால் ஒத்தி ஒத்தி எடுத்தாள். அவை உதிரும்போது அவன் ஒவ்வொன்றுக்கும் மூச்சை இழுத்தான். எதற்கோ அவளுக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

அடுத்த பெரிய ஏற்றம் ஒரு பட்டப்பகலில் வந்தது. துறையில் நல்ல கூட்டம். படகு ஓட்டி டீ குடித்துக்கொண்டே கவுண்டர் ஓரம் வந்து சாய்ந்தவர், பேச்சோடு பேச்சாக, "அக்கரைக்கு எப்போக்கா போறீங்க? அண்ணன்கிட்ட நான் அப்பவே சொல்லிட்டேன், எங்களுக்குத்தான் நஷ்டம்னு" என்றார்.

அவள் கால் ஆடுவது நின்றது. "என்னைக்குச் சொன்னீங்க?"

"ஆர்டர் வந்த அன்னைக்கே. அவருக்குத் தெரியாதுன்னு நான் நினைக்கலைக்கா." படகு ஓட்டி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். "அவரும் ஒண்ணும் சொல்லலை. தலையை ஆட்டிட்டு, தூணை அளக்கணும்னு தண்ணியில இறங்கிட்டாரு."

அவள் கவுண்டர் பலகையை இறக்கிவிட்டாள். வெளியே வரிசையில் நின்றவர்கள் கூப்பிட்டதை அவள் காதில் வாங்கவில்லை. தெருவில் நண்டுகள் ஒதுங்கி வழிவிட்டன.

அவன் ஜன்னலோரம் அப்படியேதான் இருந்தான். அவள் வாசலிலேயே நின்றாள். "என் மாற்றல் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்போ ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?"

அவன் ஈரத்துணியின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தான். அவள் அவசரப்படுத்தவில்லை. "கேட்டா நீ பதில் சொல்லிடுவியே" என்றான்.

அவள் உள்ளே வந்தாள். "அதுக்காகத்தான் இதுங்களைப் பிடிச்சு வச்சிருக்கீங்களா? இது முடிஞ்சா நான் போயிடுவேன்னு?"

"நான் பிடிக்கலை. எனக்குத் தெரிஞ்சு பிடிக்கலை. உள்ளேயிருந்து தட்டுதுங்க. விடணும்னுதான் பார்க்கறேன். ஒவ்வொரு ஏத்தத்துக்கும் வயிறு தானா இறுகிக்குது. நீ துணி மாத்த வருவே, நெத்தியில கை வச்சுப் பார்ப்பே. அப்போ ரொம்பவே இறுகுது." அவன் வயிற்றைப் பார்த்தபடியே பேசினான். "அந்த ஓரத்துல செத்துப்போச்சே, அதுங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

கீழே தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து நடுவில் வைத்தாள்.

"நான் போகத்தான் போறேன்" என்றாள். "இது பொரிச்சாலும் போவேன், பொரிக்காட்டியும் போவேன். இத்தனை நாள் உங்களுக்காகத்தான் இருந்தேன்னு நினைச்சா அது தப்பு. சொல்ல வாய் வரலை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு நானும் உங்களை மாதிரியே ஆகிட்டேன்." பெட்டியின் பூட்டை ஒரு முறை அழுத்திப் பார்த்தாள். "உங்களைப் பிடிக்கலைன்னு இல்ல. இந்த வீட்டுல என்னால இருக்க முடியலை. அவ்வளவுதான்."

அவன் இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "சரி" என்றான். கல்யாணமான நாளிலிருந்து அவன் ஒரு பேச்சை அந்தச் சொல்லோடு முடித்து அவள் கேட்டதில்லை.

வயிறு தளர்ந்தது. துணிக்கு அடியில் நெல் பொரிவதுபோல் ஒரு சின்னச் சத்தம், பிறகு இன்னொன்று. அதோடு ஒரு வாசனை வந்தது, நனைந்த இரும்பும் நறுக்கிய வெள்ளரியும் சேர்ந்தாற்போல. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் அவள் உடம்பு அவள் பேச்சைக் கேட்கவில்லை. முதலில் கால் ஆடியது, பிறகு இடுப்பு, பிறகு தோள்கள். அவனை எழுப்பிக் கையைப் பிடித்து இழுத்தாள். படியில் இரண்டு பேரும் இறங்கினார்களா விழுந்தார்களா என்று பார்த்தவர்களால் சொல்ல முடியவில்லை. தெருவில் ஓடினார்கள், அவன் ஓடியதை ஊர் அன்றுதான் பார்த்தது. துறைச்சரிவில் செருப்போடு இறங்கி மார்பளவுக்குப் போனார்கள். ஏற்றம் அப்போதுதான் முழுசாக வந்து அசையாமல் நின்றிருந்தது.

அவள் அவனுக்குப் பின்னால் நின்று இடுப்பைக் கட்டிப் பிடித்து உலுக்கினாள். எப்படி என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முன்னும் பின்னும், முன்னும் பின்னும், கோணல் மணிக்கட்டு வலிக்க வலிக்க, சாக்கை உதறுவதுபோல் உதறினாள். அவன் தன்னை விட்டுக்கொடுத்து நின்றான். முட்டைகள் கொத்துக் கொத்தாகத் திறந்தன. சுற்றிலும் கழிமுகம் முழுக்க, இக்கரைச் சேற்றிலும் அக்கரைக் கற்களிலும் பெண் நண்டுகள் கால்நுனியில் எழும்பி நின்று அதே தாளத்தில் வயிற்று மடலை அடித்தன. தண்ணீர் கண்ணெதிரே டீ நிறத்துக்கு மாறியது. நடுவழியில் வந்த படகின் எஞ்சினை ஓட்டி நிறுத்திவிட்டார். பயணிகள் எழுந்து ஒரே பக்கமாகச் சாய்ந்து பார்த்தார்கள். கண்ணும் வாலும் மட்டுமே உடம்பாகக் கொண்ட குஞ்சுகள் அவள் விரல்களுக்கு நடுவே, அக்குளுக்கு அடியே, கழுத்துச் சங்கிலியைச் சுற்றி ஓடின. பிறகு தண்ணீர் திரும்பியது. டீ நிறம் ஒரு பெரிய கம்பளத்தைச் சுருட்டி எடுத்துப் போவதுபோல முகத்துவாரத்தைத் தாண்டிப் போனது. அவன் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அவனை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள், அவனும் கூடவே போய்விடுவானோ என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, குளிருது என்றான்.

அந்த வாரமே அவள் அக்கரைக்குப் போனாள். பெட்டியை அவன்தான் தூக்கிக்கொண்டு வந்தான். படகு வர நேரமிருந்தது, இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்தார்கள். நாத்தனார் அண்ணியோடு பேசுவதை நிறுத்தினாள், இன்றுவரை பேசவில்லை. அண்ணனிடமும் சில மாதம் பேசாமல் இருந்து பார்த்தாள், முடியவில்லை. தையல் கடைக்கு மேலிருந்த அறையில் காலை வெயில் நேராகக் கட்டிலில் விழுந்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது. மறு வருடம் நண்டு வழக்கத்தைவிடக் கூடுதலாகவே விழுந்தது. விலை கொஞ்சம் இறங்கியது.

அந்தப் பருவத்தில் வெல்டருக்கு மறுபடி ஒட்டிக்கொண்டது, ஊர் எதிர்பார்த்ததுதான். சங்கத்திலிருந்து ஒருவர் தினமும் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அக்கரையில் அவளுக்கும் விலாவுக்குக் கீழே மஞ்சளாகப் படர்ந்தது யாருக்கும் தெரியாது. வெயில்கொப்புளம் என்று நினைத்தாள். கண் தெரிந்த பிறகு டாக்டரம்மாவிடம் போனாள். அவர் பூதக்கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. "உங்களுக்குமா?" என்று கேட்டுவிட்டு, போன வருடம் எழுதிய அதே சீட்டை எழுதிக் கொடுத்தார். அவள் அவனுக்குச் சொல்லி அனுப்பவில்லை, அவனும் ஆள் அனுப்பிக் கேட்கவில்லை. ஏதோ ஒரு மதியம் அந்த வாசனை மூக்கில் ஏறியபோது அவள் கவுண்டரை விட்டு இறங்கித் தண்ணீருக்குள் போனாள். எதிர்க்கரையில் கையளவு உருவமாக ஒருவன் இறங்குவது தெரிந்தது. முகம் தெரிகிற தூரமில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உதறத் தொடங்கினார்கள் என்று நடுவில் நின்ற படகிலிருந்தவர்கள் சொன்னார்கள். இங்கே ஓர் அசைவென்றால் அங்கே ஓர் அசைவு, பிசகவில்லையாம்.

அதற்குப் பிறகு வந்த வருடங்களில் பெரிதாக எதுவும் மாறவில்லை. அவன் சில ஞாயிற்றுக்கிழமைகளில் படகேறி வருவான், அவள் டீ போட்டுக் கொடுப்பாள், அவன் அறையில் பழுதானது எதையாவது சரிசெய்துவிட்டுக் கடைசிப் படகுக்கு முந்தைய படகில் திரும்பிவிடுவான். சேர்ந்து இருங்கள் என்று சொன்னவர்களும் பிரிந்துவிடுங்கள் என்று சொன்னவர்களும் சொல்லி ஓய்ந்தார்கள். படகுக் கம்பெனி இரண்டு துறையிலும், நண்டு பொரிக்கும் நேரத்தில் படகு ஓடாது என்று தகரத்தில் எழுதி மாட்டியது. மழைக்கால நேரமாற்றத்தை எழுதியிருந்த பலகைக்குக் கீழேயே அதற்கு இடம் இருந்தது.

போன பருவத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் அக்கரைத் துறையில் மாட்டிக்கொண்டார். அவருக்கு ரயிலைப் பிடிக்க வேண்டும். கவுண்டர் திறந்து கிடக்க, உள்ளே ஆளில்லாமல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பலகையைப் படித்துவிட்டு, இதெல்லாம் ஒரு காரணமா என்று பக்கத்திலிருந்தவரிடம் சத்தம் போட்டார். பக்கத்திலிருந்தவர் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் அவள் இடுப்புக்கு மேல்வரை நனைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு சரிவில் ஏறி வந்தாள். முழங்கையில் ஒட்டியிருந்த குஞ்சுகளை உள்ளங்கையில் வழித்து, திரும்பிப் போய்த் தண்ணீரில் விட்டுவிட்டு வந்து, நாற்காலியில் துண்டைப் போட்டு உட்கார்ந்தாள். வெளியூர்க்காரர் ஒரு பெரிய நோட்டை நீட்டினார். ஈரக் கையால் அவள் கிழித்த டிக்கெட் விரலிலேயே ஒட்டிக்கொண்டது.

"சில்லறையா இருந்தா குடுங்க" என்றாள்.